வழுக்கைக்கு மருந்து: வருடக்கணக்கில் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன மாதம் அண்ணன் மகன் ஊரிலிருந்து வந்திருந்தான். வயது 22. சாப்பிட்டு முடித்ததும் என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், "சித்தப்பா, இங்க பாருங்க" என்று தலையைக் குனிந்து காட்டினான். நெற்றியின் இரண்டு ஓரமும் கொஞ்சம் உள்ளே ஏறியிருந்தது, உச்சியில் சுழிக்குப் பக்கத்தில் தோல் லேசாகத் தெரிந்தது. போனில் ஏற்கெனவே நாலு பொருளைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தான், பணம் கட்ட வேண்டியதுதான் பாக்கி: பயோட்டின் என்ற வைட்டமின் மிட்டாய், ஒரு சீரம், வெங்காய எண்ணெய், அப்புறம் மாதாமாதம் வீட்டுக்கே வரும் ஏதோ ஒரு பெட்டி. எனக்கு என் 27 வயது ஞாபகம் வந்துவிட்டது.

நான் 11 வருடமாக இதற்கு மருந்து எடுக்கிறேன். தினமும் ஒரு மாத்திரை, தலையில் தடவும் மருந்து ஒன்று. நடுவில் ஒரு தடவை கோபத்தில் நிறுத்தி, அதற்கான விலையையும் கொடுத்திருக்கிறேன். டாக்டர் இல்லை நான். ஆனால் இந்த மருந்துகளோடு வருடக்கணக்கில் குடும்பம் நடத்துவது எப்படி என்று யாரும் எனக்கு உட்கார வைத்துச் சொல்லவில்லை, எந்த மருந்து என்று மட்டும்தான் சொன்னார்கள். அவனுக்கு எழுதிக் கொடுத்ததையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: இது எந்த மாதிரி முடி உதிர்வு?

இதைத் தாண்டிப் போகாதீர்கள். தலைமுடி கொட்டுகிறது என்று சொல்கிறவர்கள் எல்லோருக்கும் வழுக்கை வரப் போவதில்லை. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான்.

டெங்கு, டைபாய்டு, சிக்குன்குனியா, கொரோனா மாதிரி பெரிய காய்ச்சல் ஏதாவது வந்து போன 2, 3 மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக வரும். சீப்பு, தலையணை, குளியலறைச் சல்லடை எல்லாம் முடியாக இருக்கும். பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் சில மாதத்தில் தானாகவே நின்று, முடி திரும்ப முளைத்துவிடும். சாப்பாட்டைத் திடீரென்று பாதியாகக் குறைத்து 10 கிலோ இளைத்தவர்களுக்கும் இதேதான். வட்டமாக, காசு அளவில் வழவழவென்று ஒரு இடம் மட்டும் முடியில்லாமல் போனால் அது புழுவெட்டு, அதற்கு வைத்தியமே வேறு. தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, இன்னும் சில மாத்திரைகளின் பக்கவிளைவு என்று மற்ற காரணங்களும் இருக்கின்றன.

ஆண் வழுக்கை இப்படிச் சத்தம் போட்டுக்கொண்டு வராது. அது முடியை உடனே உதிர்ப்பதைவிட மெலிய வைக்கும். நெற்றி ஓரத்திலும் உச்சியிலும் முடி ஒவ்வொரு சுற்றிலும் முன்னைவிடச் சன்னமாக, குட்டையாக, நிறம் வெளுத்து முளைத்து, கடைசியில் பூனைமுடி மாதிரி ஆகிவிடும். பிடரியிலும் காதுக்கு மேலேயும் உள்ள முடி மட்டும் அப்படியே இருக்கும். தோல் டாக்டர் ஒரு சின்ன உருப்பெருக்கியை உச்சந்தலையில் வைத்துப் பார்ப்பார். தடித்த முடியும் மெல்லிய முடியும் பக்கத்துப் பக்கத்தில் கலந்து நின்றால் அதுதான் அடையாளம். என் டாக்டர் அதைத் திரையில் காட்டியபோது ஒரே துளையிலிருந்து வரும் முடிகளில் ஒன்று தேங்காய் நார் மாதிரியும் ஒன்று சிலந்தி நூல் மாதிரியும் இருந்தது. அந்த ஒரு படம் எனக்கு எத்தனையோ காணொளிகளைவிட நன்றாகப் புரிய வைத்தது.

அண்ணன் மகனிடம் கேட்டதில், கார்த்திகையில் டெங்கு வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தானாம், மாசியில்தான் முடி கொட்ட ஆரம்பித்ததாம். ஆக அவனுக்கு இரண்டும் கலந்து இருக்கலாம். மருந்தை ஆரம்பிக்க அவசரப்படவேண்டாம் என்று சொன்னேன்.

இரண்டாம் படி: உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

காரணம் புரியாமல் மருந்து சாப்பிட்டால் மூன்றாவது மாதத்தில் விட்டுவிடுவீர்கள். அதனால் கொஞ்சம் கதை.

1942-ல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறு நிபுணர், பருவம் வருவதற்கு முன்பே விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று எழுதினார். ஆண் ஹார்மோனைக் கொடுத்தால், குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு அது வர ஆரம்பித்தது. அதாவது ஹார்மோன் மட்டும் போதாது, பரம்பரையும் வேண்டும். 1974-ல் ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற டாக்டரும் அவருடைய குழுவும் டொமினிகன் குடியரசில் ஒரு கிராமத்துக் குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள். அங்கே சில குழந்தைகள் பிறக்கும்போது பெண் குழந்தை மாதிரி இருந்து, பருவ வயதில் ஆணாக வளர்ந்தார்கள். அவர்கள் உடம்பில் 5-ஆல்பா ரிடக்டேஸ் என்ற நொதி சரியாக வேலை செய்யவில்லை, அதனால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன், டிஎச்டி என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாறவில்லை. வளர்ந்த பிறகு, ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி அவர்களுக்குச் சிறிதாகவே இருந்தது, தலையில் வழுக்கையும் விழவில்லை.

அந்த நொதியைத் தடுத்தால் என்ன என்ற கேள்வியிலிருந்து வந்ததுதான் ஃபினாஸ்டரைடு. 1992-ல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் மாத்திரையாகவும், 1997 டிசம்பரில் வழுக்கைக்கு 1 மில்லிகிராம் மாத்திரையாகவும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகும். உங்கள் உடம்பு தினமும் டிஎச்டி செய்துகொண்டே இருக்கும், மருந்து தினமும் அதைக் குறைத்துக்கொண்டே இருக்கும். ஆறு மாதக் கோர்ஸ், ஒரு வருடக் கோர்ஸ் என்று யாராவது விற்றால் அவருக்கு இது தெரியவில்லை, அல்லது தெரிந்தே விற்கிறார். இரத்த அழுத்த மாத்திரை மாதிரிதான் இதுவும், போடுகிற வரைக்கும்தான் பலன்.

மூன்றாம் படி: மாத்திரையைத் தொடுவதற்கு முன்பு

படம் எடுங்கள். இதைவிட முக்கியமான வேலை எதுவும் இல்லை. காலையில் ஒரே இடத்தில், ஜன்னல் வெளிச்சத்தில், தலை நன்றாகக் காய்ந்திருக்கும்போது, எண்ணெய் இல்லாமல் நாலு படம்: நேர் முன்புறம், இடது நெற்றி, வலது நெற்றி, உச்சி. முடியின் நீளமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும், முடி வெட்டிய மறுநாள் எடுப்பது என்று வைத்துக்கொண்டால் சுலபம். பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை மட்டும் எடுங்கள். தினமும் கண்ணாடியில் பார்த்தால் நல்லது கெட்டது எதுவும் தெரியாது, மனசுதான் கெடும். குளியலறை பல்பு நேர் மேலே இருந்தால் யாருக்குமே வழுக்கை மாதிரித்தான் தெரியும்.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்து வைத்த இரும்புச்சத்தின் அளவு), தைராய்டு, வைட்டமின் டி, பி12 ஆகியவற்றை என் டாக்டர் பார்த்தார். கல்லீரலில் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஃபினாஸ்டரைடு அங்கேதான் உடைகிறது. 40 தாண்டியவர்கள் பிஎஸ்ஏ என்ற, புராஸ்டேட் புற்றுநோயைத் தேட உதவும் இரத்தப் பரிசோதனை ஒன்றை மாத்திரைக்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், காரணம் கீழே வரும்.

அப்புறம் உங்களை நீங்களே கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள். முன்பு எப்போதாவது மனச்சோர்வு வந்திருக்கிறதா? அடுத்த ஒரு வருடத்தில் குழந்தைக்குத் திட்டமா? இரண்டில் எதற்கு ஆம் என்றாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கூச்சப்படுகிற இடம் இதுவல்ல.

நான்காம் படி: ஃபினாஸ்டரைடு, அதன் பலன், அதன் பயம்

தினம் 1 மில்லிகிராம். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது பிரச்சினை இல்லை. மறந்துவிட்டால் அடுத்த நாள் இரண்டாகப் போடாதீர்கள், வழக்கம்போல ஒன்று போதும். 1 மில்லிகிராம் இரத்தத்தில் டிஎச்டியை ஏறக்குறைய 70% குறைக்கிறது. 0.2 மில்லிகிராமே அதற்குக் கிட்டத்தட்டச் சமமாகக் குறைத்தது என்று 1999-ல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது, 5 மில்லிகிராம் போட்டாலும் 1 மில்லிகிராமைவிடப் பெரிதாக எதுவும் கூடவில்லை. அதனால் "ரெண்டு போட்டா சீக்கிரம் வளருமா" என்ற கேள்விக்கு வளராது என்பதே பதில். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டாக்டர்கள் அளவைக் குறைத்தோ ஒருநாள் விட்டு ஒருநாளோ கொடுத்துப் பார்ப்பதும் இதனால்தான்.

இப்போது எண்கள். 18 முதல் 41 வயதுள்ள 1,553 ஆண்களை வைத்து ஆரம்பித்த ஆய்வை 5 வருடத்துக்கு நீட்டித்தார்கள். உச்சியில் ஒரு அங்குல விட்டமுள்ள வட்டத்தை வரைந்து அதற்குள் முடியை எண்ணினார்கள். ஐந்தாவது வருட முடிவில் மருந்து எடுத்தவர்களுக்கு ஆரம்பத்தைவிடச் சராசரியாக 38 முடி கூடியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கு 239 முடி குறைந்திருந்தது. படங்களை வைத்துப் பார்த்தால் மருந்து எடுத்தவர்களில் 48% பேருக்கு முன்னேற்றம், 42% பேருக்கு மேற்கொண்டு மோசமாகவில்லை. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 75% பேருக்கு இன்னும் கொட்டியிருந்தது.

அந்த 38-ஐயும் 239-ஐயும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கண்ணாடியில் உங்களுக்குத் தெரியப் போவது அந்த 38 மட்டும்தான். போகாமல் நின்ற 239 கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது வருடம் "ஒண்ணும் வளரலையே" என்று நான் நிறுத்தியது இந்தக் கணக்கு தெரியாமல்தான். எட்டு மாதம் கழித்து ஒரு கல்யாண ஆல்பத்தில் பின்பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் என் உச்சியைப் பார்த்தேன். மறுநாளே திரும்ப ஆரம்பித்தேன், ஆனால் போனதில் ஒரு பகுதி திரும்பி வரவே இல்லை. நிறுத்தினால் கிடைத்த பலன் 12 மாதத்துக்குள் போய்விடும் என்று மருந்துப் பெட்டியில் உள்ள தாளிலேயே இருக்கிறது, நான்தான் அதைப் படிக்காமல் தூக்கிப் போட்டிருந்தேன்.

பலன் தெரியக் குறைந்தது 3 மாதம், நியாயமாகத் தீர்ப்பு சொல்ல 12 மாதம். உச்சியில் நன்றாக வேலை செய்யும், நெற்றி ஓரத்தில் அவ்வளவு இல்லை.

சரி, பயம். ஆசை குறைவது, விறைப்பில் பிரச்சினை, விந்து குறைவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று ஆய்வில் மருந்து எடுத்தவர்களில் 3.8% பேருக்கும், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 2.1% பேருக்கும் வந்தது. பெரும்பாலானவர்களுக்கு நிறுத்தியதும் சரியாகிவிடுகிறது. ஆனால் சிலருக்கு நிறுத்திய பிறகும் நீடித்ததாகப் புகார்கள் வந்து, 2012-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதை மருந்துத் தாளில் சேர்க்கச் சொன்னது. தற்கொலை எண்ணம் இந்த மருந்தின் பக்கவிளைவுதான் என்று 2025 மே மாதம் ஐரோப்பிய மருந்து முகமையின் குழு உறுதி செய்தது, அதில் பெரும்பாலான புகார்கள் வழுக்கைக்காக 1 மில்லிகிராம் எடுத்தவர்களிடமிருந்து வந்தவை.

இன்னொரு பக்கமும் உண்டு. 2007-ல் இத்தாலியில் புராஸ்டேட் நோயாளிகளிடம் ஒரு ஆய்வு நடந்தது. பாலியல் பக்கவிளைவு வரலாம் என்று சொல்லி 5 மில்லிகிராம் கொடுத்தவர்களில் 43.6% பேர் அது வந்ததாகச் சொன்னார்கள், சொல்லாமல் கொடுத்தவர்களில் 15.3% பேர்தான். பயமே பாதி வேலையைச் செய்கிறது என்பது உண்மை. அதற்காக எல்லாமே மனப்பிரமை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, சொல்லாமல் கொடுத்தவர்களிலும் 15.3% இருக்கிறது அல்லவா.

நான் செய்தது இது. ஆரம்பித்த முதல் ஆறு மாதம் ஒரு சின்ன நோட்டில் வாரம் ஒரு வரி எழுதினேன்: தூக்கம், மனநிலை, ஆசை, காலை விறைப்பு. இரண்டாவது மாதம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, நாலாவது மாதம் சரியாகிவிட்டது. எழுதி வைக்காவிட்டால் அது சரியானதே எனக்குத் தெரிந்திருக்காது. வீட்டில் மனைவியிடமும் சொல்லியிருந்தேன், நமக்குத் தெரியாமல் நாம் எரிந்து விழுவதை முதலில் கவனிக்கிறவர்கள் அவர்கள்தான். காரணமில்லாத சோகம், எதிலும் பிடிப்பில்லாமை, உயிர் மேல் வெறுப்பு, இப்படி ஏதாவது வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். மாத்திரையை நிறுத்துங்கள், டாக்டரைப் பாருங்கள். மார்பில் கட்டியோ வலியோ வீக்கமோ வந்தாலும் இதேதான்.

வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் உடைத்த, நொறுங்கிய மாத்திரையை அவர் கையால் தொடக்கூடாது, வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையாக இருந்தால் உறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். செலவைக் குறைக்க 5 மில்லிகிராம் மாத்திரையை நாலாக வெட்டுகிறவர்கள் இதை ரொம்பக் கவனிக்க வேண்டும், வெட்டும்போது தூள் மேஜையெல்லாம் சிதறும். சிலருக்கு விந்தணு எண்ணிக்கை குறைகிறது, நிறுத்தினால் பெரும்பாலும் பழையபடி ஏறுகிறது. குழந்தைக்கு முயற்சி செய்த காலத்தில் டாக்டர் சொன்னபடி நான் 5 மாதம் நிறுத்தியிருந்தேன், அப்போது தடவும் மருந்து மட்டும்.

ஐந்தாம் படி: மினாக்சிடில்

இது முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. போட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் மருந்தாக மாற்றினார்கள். 1988-ல் ஆண்களுக்கு 2% திரவம் வந்தது, பிறகு 5%. டிஎச்டியை இது தொடுவதே இல்லை. முடியின் வளரும் பருவத்தை நீட்டி, சன்னமான முடியைக் கொஞ்சம் தடிக்க வைக்கிறது. அதனால்தான் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், ஒன்று ஓட்டையை அடைக்கிறது, மற்றது தண்ணீர் ஊற்றுகிறது.

ஒரு தடவைக்கு 1 மில்லி, ஒரு நாளைக்கு இரண்டு தடவை. 60 மில்லி புட்டி சரியாக ஒரு மாதம் வரும். உங்கள் புட்டி இரண்டு மாதம் வருகிறது என்றால் பாதி அளவுதான் போடுகிறீர்கள். தலை காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாது. முடியை வகிடு பிரித்து, சொட்டு மூடியைத் தோலில் வைத்து வரிசையாக விட வேண்டும். முடியில் ஊற்றினால் முடிதான் நனையும், வேர் இருப்பது தோலுக்குள். விரல் நுனியால் பரப்பிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் கன்னத்திலும் முடி வரும். நாலு மணி நேரத்துக்குத் தலை நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வேர்வையில் காலை வேளை கஷ்டம்தான், நான் இரவு போடுவதைப் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுவேன், இல்லையென்றால் தலையணை உறை பிசுபிசுவென்று ஆகிவிடும்.

ஆரம்பித்த 2 முதல் 8 வாரத்துக்குள் முடி கூடுதலாகக் கொட்டலாம். பாதிப் பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஓய்வில் இருந்த பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது வளர ஆரம்பிக்கிறது, அதன் அடையாளம் அது. எனக்கு மூன்றாவது வாரம் ஆரம்பித்து ஒன்றரை மாதம் நீடித்தது. நாலாவது மாதம்தான் பலன் பேச வேண்டிய மாதம்.

தலை அரித்து, செதில் செதிலாக உரிந்தால் பெரும்பாலும் அதில் உள்ள புரோப்பிலீன் கிளைக்கால்தான் காரணம், நுரை வடிவத்தில் வருவதில் அது இல்லை. வீட்டில் பூனை வளர்க்கிறவர்கள் கவனம்: இந்த மருந்து பூனைக்கு விஷம். தலையணையையோ உங்கள் தலையையோ நக்கினால்கூட உயிருக்கு ஆபத்து.

இப்போது தோல் டாக்டர்கள் மினாக்சிடிலை மாத்திரையாகவும் குறைந்த அளவில் கொடுக்கிறார்கள், ஆண்களுக்குப் பெரும்பாலும் 2.5 முதல் 5 மில்லிகிராம். தடவும் தொல்லை இல்லாததால் வருடக்கணக்கில் விடாமல் எடுக்க முடிகிறது, அது பெரிய லாபம். ஆனால் இது இரத்த அழுத்த மருந்து என்பதை மறக்காதீர்கள். கால் வீக்கம், படபடப்பு, தலைசுற்றல், திடீர் எடை ஏற்றம், மூச்சு வாங்குதல் வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். இதய நோய் உள்ளவர்களும் ஏற்கெனவே அழுத்த மாத்திரை போடுகிறவர்களும் நண்பன் சொன்னான் என்று மருந்துக்கடையில் வாங்கிப் போடவே கூடாது.

ஆறாம் படி: டூட்டாஸ்டரைடு

ஃபினாஸ்டரைடு ஒரு வருடம் ஒழுங்காகப் போட்டும் கொட்டிக்கொண்டே இருந்தால் அடுத்தது இது. நொதியின் இரண்டு வகைகளையும் தடுத்து டிஎச்டியை 90%க்கு மேல் குறைக்கும். வழுக்கைக்கு தென் கொரியா 2009-லும் ஜப்பான் 2015-லும் அனுமதி கொடுத்தன, அமெரிக்காவில் இன்றும் புராஸ்டேட்டுக்குத்தான் அனுமதி. உடம்பிலிருந்து பாதி வெளியேறவே சுமார் 5 வாரம் ஆகும். பக்கவிளைவு வந்து நிறுத்தினாலும் மருந்து மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும் என்று அர்த்தம். அதனால் இதை முதல் மருந்தாக எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஏழாம் படி: சத்து மாத்திரைகள்

இங்கேதான் பணம் அதிகமாகப் போகிறது, பலன் குறைவாக வருகிறது.

பயோட்டின்: நம் உடம்புக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும், முட்டை, நிலக்கடலை, பருப்பு என்று சாதாரணச் சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். கடையில் விற்பது 5,000, 10,000 மைக்ரோகிராம். குறைபாடு இல்லாதவர்களுக்கு இது வழுக்கையைத் தடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. நான் ஒரு வருடம் 10,000 போட்டேன். வருடாந்திரப் பரிசோதனையில் டிஎஸ்எச் ரொம்பக் குறைவு, டி4 அதிகம், தைராய்டு தறிகெட்டு ஓடுகிறது என்று வந்தது. இரண்டு நாள் தூக்கம் போய்விட்டது. தைராய்டு டாக்டர் என் கையைப் பிடித்து நாடி பார்த்தார், நடுக்கம் இருக்கிறதா என்று பார்த்தார், பிறகு "முடிக்கு ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். பயோட்டினை நிறுத்தி ஒரு வாரம் கழித்துப் பரிசோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. பரிசோதனைக் கருவிகள் பலவற்றில் பயோட்டினே ஒரு பாகம் என்பதால் இரத்தத்தில் அது அதிகமாக இருந்தால் எண்கள் மாறிவிடும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனைகூடத் தவறாகக் குறைத்துக் காட்டலாம் என்று எஃப்டிஏ 2017-ல் எச்சரித்தது.

இரும்பு, வைட்டமின் டி, பி12: இரத்தத்தில் குறைவாக இருந்தால் எடுங்கள், சரியானதும் நிறுத்துங்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது சகஜம். ஆனால் ஆணுக்கு இரும்புச்சத்து ரொம்பக் குறைந்திருந்தால் மாத்திரை போட்டு முடித்துக்கொள்ளாமல் ஏன் குறைந்தது என்று பாருங்கள், வயிற்றில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று டாக்டர் தேடுவார். துத்தநாகம் மாதக்கணக்கில் அதிகமாகப் போட்டால் உடம்பில் தாமிரம் குறையும். செலினியமும் வைட்டமின் ஏ-யும் அளவு மீறினால் முடியைக் கொட்ட வைக்கும், முடிக்காகச் சாப்பிட்டதே முடியைக் கெடுக்கும். நாலு பொருளை ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள் டப்பாக்களின் பின்பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பாருங்கள், ஒரே சத்து மூன்றில் இருக்கும்.

பூசணி விதை எண்ணெய்க்கு 2014-ல் கொரியாவில் 76 ஆண்களிடம் ஒரு ஆய்வு நடந்தது, 24 வாரத்தில் முடி எண்ணிக்கை 40% கூடியது, மற்ற குழுவுக்கு 10%. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த மாத்திரையில் வேறு பொருள்களும் கலந்திருந்தன, ஆட்களும் குறைவு. சா பால்மெட்டோ என்ற குட்டைப் பனையின் பழச் சாறுக்கு ஆதாரம் இன்னும் மெலிவு. கரிசலாங்கண்ணி, செம்பருத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பது சுகம், முடியும் உடையாமல் மினுமினுப்பாக இருக்கும். எங்கள் அம்மா காய்ச்சித் தருவதை நான் இன்றும் ஞாயிற்றுக்கிழமை தேய்க்கிறேன். டிஎச்டியை அது ஒன்றும் செய்யாது. வெங்காயச் சாற்றுக்கு இருக்கிற சின்ன ஆய்வும் புழுவெட்டுக்குச் செய்தது. பழனியில் மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வரும் என்பார்கள், வெட்டிய நுனி தடிப்பாகத் தெரிவதால் வரும் நம்பிக்கை அது. முடியைக் காணிக்கை கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுங்கள், மருந்தாக நினைக்காதீர்கள்.

எட்டாம் படி: துணைக்கு இரண்டு

பொடுகு இருந்தால் 2% கீட்டோகோனசோல் ஷாம்பு வாரம் இரண்டு முறை, 5 நிமிடம் வைத்துக் கழுவுங்கள். தோலில் நுண்ணிய துளைகள் போடும் ஊசிமுனை உருளைக்கு மும்பையில் ரச்சிதா துரட் குழு 2013-ல் வெளியிட்ட ஆய்வு உண்டு: 100 ஆண்கள், வாரம் ஒருமுறை உருளையும் மினாக்சிடிலும் சேர்த்தவர்களுக்கு 12 வாரத்தில் சராசரி 91 முடி கூடியது, மினாக்சிடில் மட்டும் போட்டவர்களுக்கு 22. ஆனால் அங்கே டாக்டர்கள் சுத்தமாகச் செய்தார்கள். வீட்டில் ஒரே உருளையை மாதக்கணக்கில் ஓட்டினால் சீழ் பிடிக்கும். உருட்டிய நாளில் மினாக்சிடில் போடாதீர்கள், 24 மணி நேரம் விடுங்கள்.

ஒன்பதாம் படி: வருடா வருடம் செய்ய வேண்டியவை

ஜனவரியில் ஒரு நாளை ஒதுக்கியிருக்கிறேன். பழைய படங்களையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன், இரத்த அழுத்தம் பார்ப்பேன், டாக்டரிடம் சீட்டைப் புதுப்பிப்பேன்.

ஃபினாஸ்டரைடும் டூட்டாஸ்டரைடும் பிஎஸ்ஏ அளவை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். 50 வயதில் பரிசோதனை செய்து 2 என்று வந்தால் டாக்டர் அதை 4 என்று வைத்துத்தான் பார்க்க வேண்டும். முடிக்குப் போடும் மாத்திரை என்று பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். புராஸ்டேட் புற்றுநோய் இதனால் கண்ணில் படாமல் தப்பலாம், எந்த டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். இரத்ததானம் செய்வதானால் ஃபினாஸ்டரைடு நிறுத்தி 1 மாதம், டூட்டாஸ்டரைடு நிறுத்தி 6 மாதம் ஆகியிருக்க வேண்டும், அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்விடக்கூடும்.

முடி நடும் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிடரியிலிருந்து எடுத்து நட்ட முடி நிற்கும், சுற்றியுள்ள சொந்த முடி கொட்டிக்கொண்டேதான் இருக்கும். மருந்தை விட்டால் சில வருடத்தில் நட்டது மட்டும் தனித் தீவாக நிற்கும். இந்த மருந்துகளை வாழ்நாள் முழுக்க எடுக்க விருப்பமில்லை என்றால் 24 வயதில் லட்சக்கணக்கில் கொடுத்து நடாதீர்கள்.

பத்தாம் படி: நிறுத்துவது

நிறுத்துவதும் ஒரு முடிவுதான், அதில் தோல்வி எதுவும் இல்லை. மினாக்சிடிலை நிறுத்தினால் 3, 4 மாதத்தில் அதனால் வந்த முடி போய்விடும். ஃபினாஸ்டரைடுக்கு 12 மாதம். இரண்டையும் ஒரே நாளில் விடாமல் ஒன்றை முதலில் விட்டு, ஆறு மாதம் படம் பார்த்து, பிறகு மற்றதை விட்டால் எது உங்கள் முடியைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று தெரியும். மருந்தே போடாமல் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் எங்கள் அலுவலகத்திலேயே மூன்று பேர் இருக்கிறார்கள், அண்ணனும் அப்படித்தான். நான் 50 வயதில் உட்கார்ந்து யோசிப்பதாக இருக்கிறேன்.

அண்ணன் மகனுக்குப் பரிசோதனையில் ஃபெரிட்டினும் வைட்டமின் டி-யும் குறைவு என்று வந்தது. உச்சியில் முடி மெலிந்திருப்பதையும் டாக்டர் காட்டினார். டெங்குவால் போன முடி திரும்பட்டும், 6 மாதம் கழித்துப் பார்த்துவிட்டு மாத்திரை பற்றிப் பேசலாம் என்று சொல்லி அனுப்பினார். போனில் தேர்ந்தெடுத்து வைத்திருந்த நாலையும் அவனே நீக்கிவிட்டான். ஊருக்குக் கிளம்பிய அன்று காலை ஏழு மணிக்கு, முடி வெட்டிய மறுநாள், எங்கள் ஹால் ஜன்னலுக்கு முன் நிற்க வைத்து நாலு படம் எடுத்தோம். அடுத்தது அவன் வீட்டு ஜன்னலில், மூன்று மாதம் கழித்து. ஜன்னலை மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.